சுண்ணாம்பு சுடச் சொன்னவர்: ரோமில் ஆறு நாள்

நாள் 1, ஜனவரி 30. இலாத்தரன்

மதியம் தெர்மினி நிலையத்தில் இறங்கி, பெட்டிகளை அறையில் போட்டுவிட்டு நேராக இலாத்தரனுக்கு நடந்தோம். அக்கா இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கினாள். தூத்துக்குடி வெயிலில் அறுபது வருஷம் காய்ந்த உடம்பு. "நடந்தா சரியாயிரும் வால" என்று என்னைவிட வேகமாகப் போனாள்.

நாங்கள் ரோமுக்கு வந்தது 708ஆம் ஆண்டில் இருபதே நாள் பாப்பரசராக இருந்த சிசின்னியுஸ் என்ற மனிதருக்காக. ஜனவரி 15ஆம் தேதி திருநிலை பெற்றார், பிப்ரவரி 4ஆம் தேதி இறந்தார். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது எல்லாம் லீபெர் பொந்திஃபிகாலிஸ் என்ற பழைய நூலில் உள்ள ஒரு பத்திதான். பாப்பரசர் ஒவ்வொருவரைப் பற்றியும் இலாத்தரன் அலுவலக எழுத்தர்கள் எழுதி வைத்த வரலாறு அது. சிலருக்குப் பக்கம் பக்கமாகப் போகும். சிசின்னியுசுக்கு ஆறேழு வாக்கியம்.

அந்த வாக்கியங்களின் சாரம் இது. சிரியா நாட்டவர், தந்தை பெயர் யோவான். இருபது நாள் அமர்ந்தார். தன் கையால் உணவை எடுத்து வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கீல்வாதம் அவரை முடக்கியிருந்தது. ஆனாலும் நெஞ்சுறுதி உள்ளவர், இந்நகரத்துக் குடிகளின் மேல் அக்கறை கொண்டவர். மதில்களைப் பழுதுபார்க்கச் சுண்ணாம்பு சுடும்படி ஆணையிட்டார். கோர்சிகா தீவுக்கு ஓர் ஆயரைத் திருநிலைப்படுத்தினார். திடீரென்று இறந்தார். புனித பேதுரு பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதன் பிறகு ஒரு மாதம் பதினெட்டு நாள் பதவி காலியாக இருந்தது.

எங்கள் அம்மா கடைசி இரண்டு வருஷம் இதே நிலையில் இருந்தாள். விரல் மூட்டுகள் வீங்கி, உள்ளே மடங்கி, தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. மூன்று வேளையும் அக்காதான் ஊட்டினாள். அம்மா போன பிறகு ஒருநாள் இரவு அந்தப் பத்தியின் மொழிபெயர்ப்பை வாசித்துக்கொண்டிருந்தேன். 'உணவைத் தன் கையால்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டு அக்காவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில், "அந்த ஊருக்குப் போக எவ்வளவு ஆகும்?" என்று கேட்டாள்.

இலாத்தரன்தான் அன்றைக்குப் பாப்பரசர்களின் வீடு, அலுவலகம் எல்லாமே. வத்திக்கான் அப்போது ஊருக்கு வெளியே இருந்த கல்லறைக் கோவில் மட்டும். அந்தப் பழைய இலாத்தரன் மாளிகையை 1580களில் ஐந்தாம் சிக்ஸ்துஸ் இடித்துத் தள்ளி, இப்போது நிற்கும் மாளிகையைக் கட்டினார். எஞ்சியது பாப்பரசர்களின் தனிக் கோவிலான சாங்தா சாங்தோரும் மட்டும். அதுவும் 1278 வாக்கில் மூன்றாம் நிக்கோலாஸ் புதுப்பித்த வடிவம். அதற்கு ஏறும் திருப்படிகள் 28. இயேசு பிலாத்துவின் முன் நின்றபோது ஏறியவை என்பது மரபு. அவற்றில் முழங்காலால்தான் ஏற வேண்டும். அக்காவுக்கு மூட்டு ஒத்துழைக்காது, பக்கவாட்டுப் படியில் மெதுவாக ஏறினோம். மேலே கம்பி வழியாக அந்தச் சிறு கோவிலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த வளாகத்தில் எங்கேயோ ஓர் அறையில்தான் அவர் இருபது நாளும் படுத்திருப்பார், அல்லது யாராவது தாங்கிப்பிடிக்க உட்கார்ந்திருப்பார்.

இருபது நாள் என்று கணக்கு சொல்கிறது. உண்மையில் அதற்கு முன்னால் ஒரு நீண்ட காத்திருப்பு உண்டு. முந்தைய பாப்பரசர் ஏழாம் யோவான் இறந்தது 707 அக்டோபர் 18. ரோம் அப்போது கான்ஸ்டான்டினோப்பிள் (இன்றைய இஸ்தான்புல்) பேரரசரின் ஆட்சியில் இருந்தது. உரோமைக் குருக்களும் மக்களும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தாலும், ராவென்னாவில் இருந்த பேரரசரின் ஆளுநர் ஒப்புதல் தந்த பிறகுதான் திருநிலைப்பாடு. கையை அசைக்க முடியாத ஒருவர் அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்த குளிர்காலம் அது.

வெளியே வரும்போது இருட்டிவிட்டது. பேராலயத்துக்குப் பக்கத்திலேயே மதில் ஓடுகிறது, அதில் அசினாரியா வாசல். 536இல் பேரரசரின் தளபதி பெலிசாரியுஸ் இதன் வழியாகத்தான் ரோமுக்குள் நுழைந்தார். பத்து வருஷம் கழித்து 546இல், காவலுக்கு நின்ற வீரர்களே இதைத் திறந்துவிட்டு கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தின் அரசன் தோத்திலாவை உள்ளே விட்டார்கள். மதிலுக்கு இத்தனை பக்கத்தில் குடியிருந்தவர் மதிலை நினைக்காமல் இருக்க முடியாது என்று அங்கே நிற்கும்போது தோன்றியது.

நாள் 2, ஜனவரி 31. சாந்தா மரியா அந்திக்குவா

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

ரோமன் ஃபோரத்தின் ஓரத்தில், பலத்தீன் குன்றின் காலடியில் இருக்கும் இந்தக் கோவில் 6ஆம் நூற்றாண்டிலிருந்து வழிபாட்டில் இருந்தது. 847 நிலநடுக்கத்தில் மேலே இருந்த மண்ணும் சுவரும் சரிந்து மூடிக்கொண்டது. அதன் மேல் பிறகு வேறு ஒரு கோவில் எழுந்தது. 1900இல் தொல்லியலாளர் ஜாக்கோமோ போனி அந்த மேல்கோவிலை அகற்றித் தோண்டியபோதுதான் இது வெளியே வந்தது. புதைந்து கிடந்ததால் தப்பித்தது. அந்தக் காலத்து ஓவியங்கள் வேறு இடங்களில் பெரும்பாலும் அழிந்துபோனபின் இங்கே சுவர் சுவராக நிற்கின்றன.

பீடத்துக்கு வலப்பக்கச் சுவரை மட்டும் அரைமணி நேரம் பார்த்தேன். ஒன்றின் மேல் ஒன்றாகப் பல முறை பூசி, பல முறை வரைந்த சுவர். அடியில் ராணிபோல் அணிகலன் பூண்ட மரியா. அதன் மேல் பூச்சில் ஒரு வானதூதர், நீங்காத இளமை முகம். அதற்கும் மேல் 7ஆம் நூற்றாண்டு, அதற்கும் மேல் ஏழாம் யோவான் காலம். பூச்சு உதிர்ந்த இடங்களில் எல்லா அடுக்கும் சேர்ந்து தெரிகின்றன. எழுத்துகளில் பாதி கிரேக்கம்.

அன்றைய ரோமில் கிரேக்கமும் சிரியமும் பேசும் மக்கள் நிறைய இருந்தார்கள். 630களில் அரபுப் படைகள் சிரியாவைப் பிடித்தன. அதன் பிறகு துறவிகளும் குருமாரும் மேற்கே வந்தபடி இருந்தார்கள். அந்தியோக்கியாவிலிருந்து வந்த ஐந்தாம் யோவான் 685இல் பாப்பரசர் ஆனார். சிரியக் குடும்பத்தில் பலெர்மோவில் பிறந்த முதலாம் செர்ஜியுஸ் 687இல். பிறகு சிசின்னியுஸ், அவருக்கு அடுத்து கான்ஸ்டன்டைன், 731இல் மூன்றாம் கிரகோரி. இவர்கள் எல்லாருமே சிரியர்கள் அல்லது சிரிய வம்சம். சிசின்னியுஸ் எந்த வயதில் வந்தார், எந்த வழியாக வந்தார் என்பதைப் பற்றி நூல் பேசவில்லை. ஆனால் பிறந்த நாட்டை இழந்த சனங்களின் நடுவே வாழ்ந்தவர் அவர். அப்படிப்பட்டவர் வந்து சேர்ந்த ஊரின் மதிலைப் பற்றிக் கவலைப்பட்டதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பீடத்தின் வலப்புறம் ஒரு சின்ன அறை. மருத்துவப் புனிதர்களின் சிற்றாலயம் என்கிறார்கள். ஏழாம் யோவான் காலத்தில், அதாவது சிசின்னியுசுக்கு ஓரிரு வருஷம் முன்னால்தான், வரையப்பட்டது. சுவர் முழுக்க வைத்தியர்கள். கொஸ்மாஸ், தமியான், அப்பாகீருஸ், பந்தலேயோன், தொமேத்தியுஸ். காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர்கள் என்று கிழக்குத் திருச்சபை போற்றும் புனிதர்கள். அவர்கள் கையில் மருந்துப் பெட்டி, ஓலைச்சுருள். இவர்களில் கொஸ்மாஸ் தமியான் பக்தி வளர்ந்த பெரிய தலம் சிரியாவில் உள்ள கீர்ஹுஸ்.

தரைக்குப் பக்கத்தில், மிகத் தாழ்வாக, ஒரு மாடம் இருக்கிறது. அதிலும் ஐந்து வைத்தியப் புனிதர்கள். நின்றுகொண்டு பார்க்கிறவனுக்கு அது குனிந்து பார்க்கும் உயரம். நோயாளிகள் இந்த அறையில் இரவு படுத்து, கனவில் புனிதர்கள் வந்து குணப்படுத்துவார்கள் என்று காத்திருந்தார்கள், படுத்திருப்பவர் கண்ணுக்கு நேரே இருக்கவே அந்தப் படம் அத்தனை தாழ்வாக வரையப்பட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அதை நான் சொல்லி முடிக்கும் முன்பே அக்கா புரிந்துகொண்டாள். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, மாடத்தின் உயரத்துக்கு உட்கார்ந்து பார்த்தாள்.

"அம்மாவுக்கு நாம மாட்டுன படம் எல்லாம் மேலல்ல இருந்துச்சு. அவ மோட்டுவளையத்தான் பாத்துட்டு கிடந்தா."

கொஞ்ச நேரம் கழித்து, எழுந்திருக்கக் கை கொடுத்தபோது கேட்டாள்.

"ஏல, அவருக்கு யாரு ஊட்டிவிட்டிருப்பா?"

"அத எழுதலக்கா."

"பாப்பரசரு. சுத்தி எத்தன பேரு இருந்திருப்பாங்க. ஒருத்தன் பேரு கூடவா எழுதல?"

சிசின்னியுஸ் இந்த அறைக்கு வந்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. இலாத்தரனில் இருந்து இது நடக்கிற தூரம்தான், அவரையோ தூக்கிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். புதிய சுண்ணப் பூச்சின் வாடை அப்போது இன்னும் அடங்கியிருக்காது.

நூலில் நோயின் பெயராக வருவது போடக்ரா. காலைப் பிடிக்கும் பொறி என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் சேர்வதால் வருவது என்று இன்றைக்குத் தெரியும். பெரும்பாலும் கால் பெருவிரலில் தொடங்கும். வருஷக்கணக்கில் வைத்தியம் இல்லாமல் விட்டால் முழங்கை, விரல் எல்லாவற்றுக்கும் ஏறும், தோலுக்கு அடியில் கட்டி கட்டியாக வெளுத்துத் தெரியும். அவருக்குக் கையே விழுந்துவிட்டது என்றால் அந்த நோயோடு எத்தனை வருஷம் வாழ்ந்திருப்பார். அந்த நிலையில் இருந்தவரைத்தான் உரோமைக் குருக்களும் மக்களும் தேர்ந்தெடுத்தார்கள். நீண்ட நாள் இருக்க மாட்டார் என்று கணக்குப் போட்டிருக்கலாம் என்று சிலர் எழுதுவார்கள். 'நெஞ்சுறுதி உள்ளவர்' என்ற அந்த எழுத்தரின் வார்த்தையை நம்புகிறவன் நான். உடம்பைப் பார்க்காமல் ஆளைப் பார்த்திருக்கிறார்கள்.

நாள் 3, பிப்ரவரி 1. புனித பேதுரு

காலையில் வரிசை நீளம். உள்ளே போனதும் எல்லாரும் மிக்கேலாஞ்சலோவின் மாதாவை நோக்கிப் போக, நாங்கள் இடப்பக்கம் திருப்பண்ட அறைக்குப் போகும் நடையைத் தேடினோம். அங்கே சுவரில் பெரிய பளிங்குப் பலகை. இந்தப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட பாப்பரசர்களின் பெயர்கள். சிசின்னியுசின் பெயரை அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள், விரலை நீட்டிக் காட்டினாள். கல்லறை என்று காட்ட வேறொன்றும் இல்லை. கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்துப் பழைய பேராலயத்தை 1506இலிருந்து இடித்துப் புதியது கட்டத் தொடங்கியபோது எத்தனையோ கல்லறைகளோடு அதுவும் போய்விட்டது.

இழந்ததில் ஒரு சில துண்டுகள் வேறு இடங்களில் பிழைத்திருக்கின்றன. சாயங்காலம் தீபெர் ஆற்றங்கரையில் உள்ள சாந்தா மரியா இன் கொஸ்மதீனுக்குப் போனோம். வாசல் மண்டபத்தில் வாய் பிளந்த கல்முகத்தில் கையை விட்டுப் படம் எடுக்க நீண்ட கூட்டம். உள்ளே பக்கத்து அறையில், நினைவுப் பொருள் விற்கும் இடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மொசைக் துண்டு இருக்கிறது. மூன்று ஞானிகள் குழந்தையை வணங்கும் காட்சியின் பகுதி. ஏழாம் யோவான் பழைய பேராலயத்துக்குள் கட்டி 706இல் அர்ச்சித்த சிற்றாலயத்திலிருந்து எடுத்தது. பொன்னிறக் கண்ணாடிச் சில்லுகள் இன்னும் மின்னுகின்றன. இரண்டு வருஷம் கழித்து அதே பேராலயத்துக்குள்தான் சிசின்னியுசைச் சுமந்துகொண்டு போனார்கள்.

நாள் 4, பிப்ரவரி 2. சுண்ணாம்பு

இன்றைக்குக் காணிக்கைத் திருநாள். காலைப் பூசையில் மெழுகுதிரி மந்திரித்துக் கொடுத்தார்கள். இந்தத் திருநாளுக்கு ரோமில் பவனி நடத்த வேண்டும் என்று ஏற்படுத்தியவர் சிரியக் குடும்பத்து முதலாம் செர்ஜியுஸ். அக்கா திரியைப் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு லார்கோ அர்ஜெந்தீனா. நகரத்தின் நட்டநடுவில், சாலை மட்டத்துக்குக் கீழே, நான்கு ரோமானியக் கோவில்களின் அடித்தளம். ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்ற மண்டபத்தின் ஒரு பகுதி அதன் பின்னால். 2023இலிருந்து கீழே இறங்கி நடைபாதையில் நடக்கலாம். பூனைகள் தூண்களின் மேல் வெயில் காய்கின்றன. நாங்கள் பார்க்க வந்தது ஓரத்தில் இருக்கும் முதல் கோவிலை. அதற்குள்ளே பின்னாளில் ஒரு கிறித்தவக் கோவிலைக் கட்டியிருக்கிறார்கள். அதன் வளைந்த பின்சுவர் இன்னும் நிற்கிறது. அந்தக் கோவிலின் பழைய பெயரில் கல்காராரியோ என்று வரும். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த பேட்டை என்று பொருள். இடைக்காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் அதுதான் பெயர்.

பெயர் சும்மா வரவில்லை. இரண்டு தெரு தள்ளி க்ரிப்தா பல்பி. கி.மு. 13இல் பல்புஸ் கட்டிய நாடக அரங்கின் பின்கட்டு. 1981இலிருந்து தானியேலே மனகோர்தா தலைமையில் அங்கே தோண்டினார்கள். 8ஆம் நூற்றாண்டுக் காளவாய் ஒன்று அங்கே கிடைத்தது. அருங்காட்சியகம் சீரமைப்புக்காக மூடியிருக்கும் என்று தெரிந்துதான் போனோம். வெளிச்சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்தோம்.

எங்கள் கடற்கரையில் சிப்பியும் பவளப்பாறையும் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். ரோமில் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது பளிங்கு. சிலை, தூண், கல்வெட்டுப் பலகை, தரைக்கல். எல்லாம் காளவாய்க்குள் போயிற்று. பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் சிப்பியும் வேதியியலில் ஒரே பொருள்தான். 900 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் எரிய வேண்டும். உள்ளே இருக்கும் கரியமிலவாயு போய்விடும், 100 கிலோ கல்லில் 56 கிலோ மட்டும் எஞ்சும். அதன் மேல் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பை எரிமலை மணலோடு குழைத்தால் ரோமானியக் கலவை. விறகு வெட்ட ஆள், கல் உடைக்க ஆள், இரவும் பகலும் தீ பார்க்க ஆள், நீற்ற ஆள். சுண்ணாம்பு கைக்கு வந்த பிறகுதான் கொத்தன் வேலையே ஆரம்பிக்கும்.

கலைப் பொருள்களை எரித்தார்களே என்று இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் வருந்துவது உண்டு. எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் 708இல் இந்த ஊருக்குள் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் பத்து லட்சம் பேர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் நகரத்தில் அப்போது சில பத்தாயிரம் பேர். தண்ணீர்க் கால்வாய்களை 537 முற்றுகையில் கோத்தியர் அறுத்தார்கள். வடக்கேயும் தெற்கேயும் இத்தாலியின் பெரும்பகுதியைப் பிடித்திருந்த லொம்பார்தியர் என்ற ஜெர்மானிய இனத்தவர். ஆறாம் யோவான் காலத்தில், அதாவது சிசின்னியுஸ் பதவி ஏற்பதற்குச் சில வருஷங்களுக்கு முன்புதான், தெற்கே பெனவெந்தோவை ஆண்ட லொம்பார்தியக் கோமகன் கிசுல்ஃப் கம்பானியாவுக்குள் புகுந்து ஊர்களை எரித்து மக்களைச் சிறைபிடித்துப் போனான். பாப்பரசர் குருக்களைப் பணத்தோடு அனுப்பி அந்தக் கைதிகளை மீட்டார். பேரரசரின் படை வரவில்லை. சொல்லப்போனால் மதில் பேரரசரின் பொறுப்பு, ஆயரின் வேலை அல்ல. பேரரசர் கான்ஸ்டான்டினோப்பிளில் இருந்தார்.

இதை நான் அக்காவுக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். "அப்போ முதல்ல செய்ய வேண்டியதத்தான் செஞ்சிருக்காரு" என்றாள். ஆமாம். மதிலைக் கட்டுங்கள் என்று அவர் சொல்லவில்லை. காளவாய்களை மூட்டச் சொன்னார். நூலில் அந்தச் சொல் பன்மையில் இருக்கிறது.

நாள் 5, பிப்ரவரி 3. மழை

காலை முழுக்க மழை. பாதாள ரயிலில் மதிலுக்கு வெளியே உள்ள புனித பவுல் பேராலயத்துக்குப் போனோம். 1823இல் தீப்பிடித்து மறுபடி கட்டிய கோவில். தூண்களுக்கு மேலே, கோவிலைச் சுற்றிலும், எல்லாப் பாப்பரசர்களின் முகமும் வட்டம் வட்டமாக மொசைக்கில். வரிசைப்படி எண்ணினால் சிசின்னியுஸ் 87ஆவது. கழுத்து வலிக்க அண்ணாந்து தேடிக் கண்டுபிடித்தோம். அவர் முகத்தை அறிந்து வரைந்த படம் எதுவும் பிழைக்கவில்லை, இது கற்பனை முகம். அக்கா வெகுநேரம் பார்க்கவில்லை. அவளுக்கு முகத்தைவிடக் கைதான் முக்கியம், மொசைக்கில் மார்புக்கு மேலேதான் இருக்கிறது.

திரும்பும் வழியில் சான் கிளெமெந்தே. அதன் கீழ்க்கோவிலில் சிசின்னியுஸ் என்று எழுதிய ஓவியம் ஒன்று இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். அது வேறு ஆள். புனித கிளமெந்தின் கதையில் வரும் ஒரு ரோமானியப் பிரபு. தன் ஆட்களை ஏசி வேலை வாங்கும் அவன் பேச்சு அன்றைய பேச்சு இத்தாலியத்தில் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்தது. மொழி ஆய்வாளர்களுக்கு அது பொக்கிஷம். எங்களுக்கு வேண்டியவர் அவர் இல்லை.

நாள் 6, பிப்ரவரி 4. மதில்

இன்று அவர் இறந்த நாள். அறையிலேயே காணிக்கைத் திரியை ஏற்றி அக்கா ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னாள். பிறகு கிளம்பினோம்.

முதலில் சான் செபஸ்தியானோ வாசல். அப்பியா நெடுஞ்சாலை நகரத்தை விட்டு வெளியேறும் இடம். வாசலின் கோபுரங்களுக்குள் மதில் அருங்காட்சியகம். ஏறிப் போய் மதிலின் மேல் கொஞ்ச தூரம் நடக்கலாம். பேரரசர் அவுரேலியன் 271இல் தொடங்கிய மதில் இது, மொத்தம் 19 கிலோமீட்டர். முதலில் கட்டும்போது 8 மீட்டர் உயரம், மூன்றரை மீட்டர் கனம். பிறகு வந்தவர்கள் உயர்த்தினார்கள். பழைய கணக்கு ஒன்று 383 கோபுரங்கள் என்கிறது. நடைபாதையிலிருந்து பார்த்தால் சுவர் ஒட்டுப்போட்ட துணிபோல் இருக்கிறது. இங்கே ஒழுங்கான மெல்லிய செங்கல், அங்கே கையில் கிடைத்த கல்லையெல்லாம் வைத்து அடைத்த இடம். ஒவ்வொரு ஒட்டும் யாரோ பயந்த ஒரு வருஷம். இதில் சிசின்னியுசின் ஒட்டு எது என்று தேடிப் பயனில்லை. சுண்ணாம்பு வெந்து முடிவதற்குள் அவர் இறந்திருப்பார்.

நான் இன்றைக்கு அக்காவுக்குக் காட்ட விரும்பிய இடம் வேறு. பேருந்து மாறி, தெர்மினிக்குப் பின்பக்கம் திபுர்தினா வாசலுக்குப் போனோம். சான் லொரென்சோ வாசல் என்றும் ஒரு பெயர் உண்டு. அகுஸ்துஸ் கி.மு. 5இல் மூன்று தண்ணீர்க் கால்வாய்களைச் சாலைக்கு மேல் கொண்டுபோகக் கட்டிய வளைவு, பின்னாளில் மதிலோடு சேர்ந்து வாசலாகிவிட்டது. தரை உயர்ந்து உயர்ந்து இப்போது வளைவு பள்ளத்துக்குள் நிற்கிறது. சுற்றிலும் வண்டிச் சத்தம். பயணிகள் யாரும் இல்லை.

அங்கே ஒரு கல்மேடையில் உட்கார்ந்து அக்காவுக்கு மிச்சக் கதையைச் சொன்னேன்.

சிசின்னியுசுக்குப் பின் கான்ஸ்டன்டைன், மார்ச் 25ஆம் தேதி. ஏழு வருஷம் இருந்தார். 710இல் கான்ஸ்டான்டினோப்பிளுக்குப் பயணம் போனார். அவருக்குப் பிறகு அந்த நகரத்துக்குப் போன பாப்பரசர் 1967இல் ஆறாம் பவுல்தான். கான்ஸ்டன்டைனுக்குப் பின் 715இல் வந்தவர் இரண்டாம் கிரகோரி. அவரைப் பற்றிய பத்தியில், பதவியேற்ற தொடக்கத்திலேயே சுண்ணாம்பு சுட ஆணையிட்டார், சான் லொரென்சோ வாசலில் தொடங்கி மதிலைப் புதுப்பித்தார் என்று வருகிறது. ஏறக்குறைய அதே சொற்கள். ஒரு பகுதி கட்டி முடித்த பின் கலகங்களால் வேலை நின்றுபோயிற்று.

இந்தக் கிரகோரி யார்? சிறுவயதிலிருந்து இலாத்தரன் மாளிகையிலேயே வளர்ந்தவர். செர்ஜியுஸ் காலத்திலேயே துணைத்திருத்தொண்டர், பணப் பொறுப்பாளர். நூலகமும் அவர் கையில் இருந்தது. கான்ஸ்டன்டைனோடு கீழை நாட்டுக்குப் போனவர். அப்படியென்றால் 708 ஜனவரியில் அவர் எங்கே இருந்திருப்பார்? அந்த மாளிகையில்தான் என்று நான் நம்புகிறேன். காளவாய்க்குக் காசு கேட்டு ஆணை வந்தபோது அதைக் காதால் கேட்ட தூரத்தில். நூல் இதைச் சொல்லவில்லை, இரண்டு பத்திகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் என் கண்ணுக்குத் தெரிவது. கையை உயர்த்த முடியாதவர் வாயால் சொன்னதை ஓர் இளையவர் ஏழு வருஷம் மனதில் வைத்திருந்தார்.

அவருக்குப் பின் 731இல் மூன்றாம் கிரகோரி. மறுபடியும் சிரியர், தந்தை பெயர் மறுபடியும் யோவான். அவர் காலத்தில் மதிலின் பெரும்பகுதி புதுப்பிக்கப்பட்டது என்று நூல் சொல்கிறது. 756இல் லொம்பார்து அரசன் ஐஸ்துல்ஃப் வாரக்கணக்கில் நகரத்தைச் சுற்றி நின்றான், உள்ளே வர முடியவில்லை. 846இல் கடல்வழி வந்த சாரசேனியர் என்ற முஸ்லிம் கொள்ளைப்படையினர் புனித பேதுருவையும் புனித பவுலையும் கொள்ளையடித்தார்கள். இரண்டும் மதிலுக்கு வெளியே இருந்தவை. மதிலுக்குள் இருந்த மக்கள் தப்பித்தார்கள்.

"மூணாவது ஆளு செலவுக்கு என்ன செஞ்சாராம்?" என்று அக்கா கேட்டாள். வீட்டுக் கணக்கு பார்த்த கை.

"அது எழுதியிருக்குக்கா. சுண்ணாம்பு வாங்குன காசு அவரோட சொந்தக் காசு. வேலை செஞ்ச கொத்தனுங்களுக்குச் சாப்பாடும் அவரே போட்டாராம்."

அக்கா பள்ளத்துக்குள் இருந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொத்தனுக்குச் சோறு போட்டது யாருன்னு எழுதி வச்சிருக்கான்," என்றாள். "அவருக்கு ஊட்டுனவள எழுதாம விட்டுட்டானே."

"அவள் இல்லக்கா, அங்க எல்லாம் ஆம்பளைங்கதான் இருந்திருப்பாங்க."

"யாரா இருந்தா என்ன. மூணு வேளயும் ஆறவச்சு, பிசைஞ்சு, சின்னச் சின்னதா வாயில வச்சிருப்பான். ஒரு வாய் முழுங்குற வரைக்கும் அடுத்த வாயோட காத்துக்கிட்டு இருந்திருப்பான். அந்த நேரத்துலதாம்ல அவரு பேசியிருப்பாரு. மதிலு, சுண்ணாம்பு எல்லாம். அம்மா அப்படித்தான் என்கிட்ட எல்லாத்தையும் சொன்னா."

அம்மா என்ன சொன்னாள் என்று நான் கேட்டேன். கொல்லைச் சுவர் சரிந்துகொண்டு வருகிறது, மழைக்கு முன்னால் ஆள் வைத்துக் கட்டிவிடுங்கள் என்று தினமும் சொன்னாளாம். எனக்கு இது தெரியாது. ஊருக்குத் திரும்பியதும் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.